எண்கள் நிறைந்த ஸ்லைடில் ஒப்பீடு எங்கே தொலைகிறது?

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டு சுமார் 82 வினாடிகள் ஆனபோது, வெளிப்புற எரிபொருள் தொட்டியின் காப்பு நுரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. உள்ளே கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இருந்தார்கள். மோதலால் எவ்வளவு சேதம் ஆகியிருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் கணக்குப் போட்டு, விண்கலம் இன்னும் சுற்றுப்பாதையில் இருந்தபோதே முடிவுகளை ஸ்லைடுகளாக நாசாவிடம் கொடுத்தார்கள். பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க வரும் வழியில் கொலம்பியா சிதறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணை வாரியத்தின் அறிக்கை, அந்த ஸ்லைடுகளில் ஒன்றை அப்படியே அச்சிட்டு, தரவுகளைக் காட்டும் கலையைப் பற்றி நிறைய எழுதிய எட்வர்ட் டஃப்டியின் அலசலையும் சேர்த்துக்கொண்டது.

அந்த ஒரு ஸ்லைடைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். விண்கலத்தின் வெப்பக் காப்பு ஓடுகள் துளைபடும் கணக்கு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதைச் சோதனைத் தரவுகள் காட்டுகின்றன என்ற பொருளில் தலைப்பு. அதன் கீழே புல்லட்டுக்குள் புல்லட்டாக வரிகள். ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள் தரும் சொல் ஐந்து இடத்தில் வருகிறது. ஐந்தில் எதிலும் எவ்வளவு என்ற அளவு இல்லை. கன அங்குலம் என்ற ஒரே அலகின் சுருக்கத்தையே இடத்துக்கு இடம் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், கடைசி வரியாக ஒரு தகவல்: மோதிய நுரையின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம்.

வகுத்தால் 640 மடங்கு. சின்னத் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையை வைத்துக்கொண்டு, அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய ஒன்றைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஸ்லைடின் மொத்தச் செய்தியும் அந்த வகுத்தல்தான். ஆனால் 640 என்ற எண் அதில் எங்கேயும் இல்லை. இரண்டு எண்களும் இருந்தன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தன, ஆனாலும் யாரும் அவற்றை ஒப்பிட்டுக் காட்டவில்லை.

இந்த ஸ்லைடு நன்றாக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று வந்த கோரிக்கைகள் கைவிடப்பட்டது உட்பட, அறிக்கை அடுக்கும் காரணங்கள் பல. ஆனால் தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போட்டு முடித்துவிடும் வழக்கத்தையும் அது குறையாகவே எழுதியது.

எண்களோடு வேலை செய்பவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பாடம், ‘ஸ்லைடில் விஷயத்தைக் குறைத்துப் போடு’ என்பது. நான் அதை ஏற்கவில்லை. அந்த ஸ்லைடில் எண்கள் அதிகமாக இல்லை, மிகக் குறைவாகவே இருந்தன. சொற்கள்தான் அதிகம். எண் நெருக்கமாக இருப்பதால் ஸ்லைடு கெடுவதில்லை. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் தலையில் விட்டுவிடுவதால்தான் கெடுகிறது.

பதினேழு வருடம் முந்தைய இன்னொரு விபத்து இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலை சாலஞ்சர் விண்கலத்தை ஏவலாமா என்று ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. ராக்கெட் பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி வாயு கசியலாம் என்று பயந்தார்கள். அதுவரை நடந்த ஏவுதல்களிலேயே வளையம் மிகக் குளிர்ந்திருந்தது 53 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது கிட்டத்தட்ட 12 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். ஏவலாம் என்ற தரப்பு வைத்த வாதம், 75 டிகிரியில் ஏவியபோதும் சேதம் இருந்ததே, அப்படியானால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது. பொறியாளர்களால் எண்களை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் சாலஞ்சர் கிளம்பி 73 வினாடிகளில் சிதறியது.

பதில் அவர்கள் கையிலேயே இருந்தது. விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் பிறகு அதை எடுத்துக் காட்டியது. அன்றிரவு எல்லோரும் பார்த்தது சேதம் ஏற்பட்ட ஏவுதல்களை மட்டும். சேதமே இல்லாத ஏவுதல்களை யாரும் வரைபடத்தில் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவுதல்களில் மூன்றில் மட்டுமே சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கில் நான்கிலும் சேதம். இருபதில் மூன்று, நான்கில் நான்கு. இந்த இரண்டு வரி போதும், வேறு எந்தப் படமும் வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அன்றிரவு தொலைநகலில் போன தாள்களில் கையால் எழுதியவையும் இருந்தன. பவர்பாயின்ட் சந்தைக்கு வந்ததே 1987-இல், அதுவும் முதலில் மேகின்டாஷ் கணினிக்கு. ஆகவே மென்பொருள்மேல் பழி போடுவதில் பயனில்லை. ஒப்பீட்டுக்குத் தேவையான பாதி எண்களை விட்டுவிட்டால், கையால் எழுதினாலும் கணினியில் செய்தாலும் ஒன்றுதான்.

ஒரு சாதாரண விற்பனை அட்டவணை

சரி, விண்கலத்திலிருந்து மாதாந்திர ரிவ்யூ கூட்டத்துக்கு வருவோம். ஐந்து கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடையின் காலாண்டு விற்பனையை எடுத்துக்கொள்ளலாம். கடையும் கற்பனை, எண்களும் விளக்கத்துக்காக நான் போட்டவை.

பெரும்பாலான கூட்டங்களில் இது எப்படி வரும்? கணக்கு மென்பொருளிலிருந்து எக்செல்லுக்கு, எக்செல்லிலிருந்து அப்படியே காபி-பேஸ்ட். கோவை 4,18,36,245.50, மதுரை 3,64,09,112.75, நெல்லை 1,21,65,033.50 என்று பைசா வரை. பக்கத்திலேயே சென்ற ஆண்டு, இலக்கு, இலக்கில் எத்தனை சதவீதம், பில் எண்ணிக்கை, சராசரி பில் மதிப்பு. கிளைகள் அகரவரிசையிலோ, கடை திறந்த வரிசையிலோ இருக்கும். எழுத்தின் அளவு ஒன்பது பாயின்ட். பேசுபவர், ‘இது கொஞ்சம் சின்னதா இருக்கும், மன்னிச்சிருங்க’ என்று ஆரம்பிப்பார்.

இதே தரவை இப்படிப் போட்டுப் பாருங்கள்:

| கிளை (₹ லட்சம்) | சென்ற ஆண்டு | இந்த ஆண்டு | வித்தியாசம் | மாற்றம் |
|---|---:|---:|---:|---:|
| திருச்சி | 241 | 288 | +46 | +19% |
| கோவை | 392 | 418 | +26 | +7% |
| சேலம் | 188 | 193 | +5 | +3% |
| மதுரை | 372 | 364 | −7 | −2% |
| நெல்லை | 157 | 122 | −35 | −22% |
| மொத்தம் | 1,350 | 1,385 | +35 | +3% |

இங்கே எண்கள் ஒன்றும் குறைவில்லை. ஆறு வரிசை, நான்கு நெடுவரிசை, மொத்தம் 24 எண். ஆனால் படித்துவிட முடிகிறது. கடைசி வரியை மட்டும் சொல்லியிருந்தால், 3% வளர்ச்சி, பரவாயில்லை என்று கூட்டம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கும். வித்தியாசத்தின்படி அடுக்கியதும் வேறு கதை தெரிகிறது. திருச்சியின் 46 லட்சம்தான் மொத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. திருச்சியை எடுத்துவிட்டு மற்ற நான்கைக் கூட்டினால் சரிவு. நெல்லையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது. சதவீதத்தை மட்டும் காட்டியிருந்தால் கோவையின் 7% அடக்கமாகத் தெரிந்திருக்கும்; ரூபாயில் அது இரண்டாவது பெரிய வளர்ச்சி. அதனால்தான் வித்தியாசமும் சதவீதமும் இரண்டுமே வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை மறைப்பது மிகச் சுலபம்.

நான் இங்கே செய்த எதுவும் புதிதில்லை. லண்டனில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஆண்ட்ரூ ஏரன்பெர்க் 1977-இல் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டார். எண்களை இரண்டு முக்கிய இலக்கங்களுக்குச் சுருக்கு. வரிசைகளை ஏதாவது ஒரு அளவின்படி அடுக்கு, அகரவரிசை வேண்டாம். ஒப்பிட வேண்டிய எண்களைப் பக்கம் பக்கமாகப் போடாமல் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடு. சராசரியோ மொத்தமோ கொடு, கண் ஊன்றிக்கொள்ள ஒரு இடம் வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதைவிட உபயோகமான அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு இலக்கம் என்பது பலருக்கு உறுத்தும், குறிப்பாகக் கணக்குத் துறையில் இருப்பவர்களுக்கு. 4,18,36,245.50 என்று ஒரு எண், 3,92,17,880.00 என்று இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றதை மனதில் கழித்துப் பாருங்கள். முடியாது. 418-இல் 392-ஐக் கழியுங்கள். வந்துவிடும். பைசாவும் ஆயிரமும் எந்த முடிவையும் மாற்றப் போவதில்லை என்றால், அவை ஸ்லைடில் இருப்பது துல்லியத்துக்கு உதவவில்லை, கழித்தலுக்குத்தான் தடை. மேலே உள்ள அட்டவணையில் நான் மூன்று இலக்கம் வைத்தேன். இரண்டாகச் சுருக்கியிருந்தால் சேலத்தின் 188-உம் 193-உம் ஒரே எண்ணாகிவிடும். அதாவது, எத்தனை இலக்கம் என்பதைத் தீர்மானிப்பது விதி அல்ல. நீங்கள் காட்ட நினைக்கும் வித்தியாசத்துக்கு எவ்வளவு இலக்கம் தேவையோ அவ்வளவு வையுங்கள்.

அட்டவணையை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள். மதுரையில் 372-இல் 364 போனால் 8, ஆனால் 7 என்று இருக்கிறது. திருச்சியில் 288-இல் 241 போனால் 47, அங்கே 46. தப்பில்லை. கழித்தலைச் சுருக்காத தொகையில் செய்துவிட்டு, விடையைக் கடைசியில் முழுமையாக்கியதால் வருவது. கணக்கு எப்போதும் சுருக்காத தொகையில் நடக்க வேண்டும், சுருக்குவது காட்டும்போது மட்டும்தான். ஆனால் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கட்டாயம் கேட்பார். கேட்டதும் பத்து நிமிடம் அதில் போகும், அப்புறம் மற்ற எண்கள்மீதும் சந்தேகம் வரும். ‘முழுமையாக்கியதால் கூட்டலில் சிறு வேறுபாடு இருக்கலாம்’ என்று அட்டவணையின் கீழே ஒரு வரி போட்டுவிடுங்கள். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள், காரணத்தோடுதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் 1,385-இன் நூறுகளின் இடமும் 418-இன் நூறுகளின் இடமும் ஒரே நேர்கோட்டில் வராது, எது பெரியது என்பதைக் கண் நீளத்தை வைத்துக் கண்டுகொள்ள முடியாமல் போகும். சில எழுத்துருக்களில் 1 ஒல்லியாகவும் 8 அகலமாகவும் இருக்கும். அவற்றில் வலப்பக்கம் ஒட்டினாலும் இலக்கங்கள் நேராக நிற்காது. எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவை எடுங்கள். அலகைத் தலைப்பில் ஒரே தடவை எழுதினால் போதும், ஒவ்வொரு கட்டத்திலும் ₹ குறி வேண்டாம். தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், நம் சொற்கள் நீளமானவை, இடம் அங்கேயே போய்விடுகிறது.

எந்த மாதத்தோடு எந்த மாதம்?

அட்டவணை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒப்பிட எடுத்த இரண்டு எண்களும் ஒரே ஜாதி இல்லையென்றால் வீண். ஜவுளிக்கடையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. தமிழ்நாட்டுத் துணிக்கடைகளுக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான். 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டால் அட்டகாசமான வளர்ச்சி தெரியும். நவம்பரை நவம்பரோடு ஒப்பிட்டால் படுவீழ்ச்சி தெரியும். இரண்டுமே உண்மையில்லை. பண்டிகை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபரையும் நவம்பரையும் கூட்டிப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் 2025-இல் அதுவும் முழுசாகப் போதாது. அக்டோபர் 20 தீபாவளி என்றால் செப்டம்பர் கடைசியிலேயே கூட்டம் ஆரம்பித்துவிடும், அந்த விற்பனை முந்தைய காலாண்டில் விழும். நல்ல வழி, தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை அதேபோல் சென்ற ஆண்டின் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தோடு ஒப்பிடுவது. பண்டிகையோடு நகரும் எந்த வியாபாரத்துக்கும் இது பொருந்தும், இனிப்புக்கடை, பட்டாசு, வீட்டு உபயோகப் பொருள் எல்லாவற்றுக்கும். நாட்காட்டி மாதத்தில் ரிப்போர்ட் எடுப்பது மென்பொருளுக்கு வசதி. வாடிக்கையாளர் அந்த மாதக் கணக்கில் வாங்குவதில்லை.

சதவீதத்திலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. இதை 0.25 சதவீதக் குறைப்பு என்று சொல்வது பேச்சுவழக்கில் புரிந்துவிடும். ஆனால் கணக்குப்படி 6.50-இல் 0.25 என்பது கிட்டத்தட்ட 4 சதவீதம்; குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. வங்கிக்காரர்கள் 25 அடிப்படைப் புள்ளி (ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு ஒரு அடிப்படைப் புள்ளி) என்று சொல்வது இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான். உங்கள் ஸ்லைடில் லாப விகிதம் 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் ஆகியிருந்தால், 2 புள்ளி உயர்வு என்றும் சொல்லலாம், 25 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. எதைச் சொல்கிறோம் என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு.

லட்சம், கோடி, மில்லியன்

வெளிநாட்டு வாடிக்கையாளரோ, சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ தலைமை அலுவலகமோ இருந்தால் இந்தச் சிக்கல் தினமும் வரும். 84.2 கோடி என்பது 842 மில்லியன். ஒரு ஸ்லைடில் கோடி, அடுத்ததில் மில்லியன் என்று மாறி மாறி வந்தால், கேட்பவர் ஒவ்வொரு தடவையும் பத்தால் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறிவிட்டால் முடிவே மாறிவிடும். எக்செல் இதில் கூடுதலாகக் காலை வாரும். எண்ணில் கமா எங்கே விழும் என்பது அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. உங்கள் கணினியில் 1,23,45,678 என்று தெரிந்த அதே ஃபைல், அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் 12,345,678 என்று தெரியும். கூட்ட அறையில் இருக்கும் கணினியில் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இதற்கு நம் சட்டத்திலேயே தீர்வு இருக்கிறது. கம்பெனிகள் சட்டம், 2013-இன் மூன்றாம் அட்டவணை, நிதிநிலை அறிக்கைகளில் எண்களை எப்படி முழுமையாக்குவது என்று சொல்கிறது. மொத்த வருமானம் 100 கோடிக்குக் கீழ் இருந்தால் நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன் இவற்றில் ஒன்றுக்கு. 100 கோடியும் அதற்கு மேலும் என்றால் லட்சம், மில்லியன், கோடி இவற்றில் ஒன்றுக்கு. முக்கியமானது அதை அடுத்து வரும் விதி. ஒரு அலகை எடுத்துக்கொண்டால் அறிக்கை முழுக்க அதையே பயன்படுத்த வேண்டும். தணிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கையில் கட்டாயமாக இருக்கும் ஒழுங்கு, இயக்குநர்களுக்குக் காட்டும் ஸ்லைடில் மட்டும் ஏன் இல்லாமல் போகிறது என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. முதல் ஸ்லைடிலேயே ‘எல்லாத் தொகையும் ₹ கோடியில்’ என்று எழுதி, கடைசி வரை அதிலேயே நிற்கலாம். சின்னத் தொகைகள் 0.3 கோடி என்று வந்தால் வரட்டும். 30 லட்சம் என்று எழுதினால் கண்ணுக்கு 30 தான் பெரிதாகத் தெரியும்.

எப்போது சார்ட்?

கேட்பவருக்குத் துல்லியமான எண் வேண்டுமென்றால் அட்டவணை, உருவம் வேண்டுமென்றால் சார்ட். மேலே உள்ள ஐந்து கிளைக்கு அட்டவணையே போதும். ஐந்து கிளையின் 36 மாத விற்பனை என்றால் 180 எண், அதை அட்டவணையில் யாரும் படிக்க மாட்டார்கள், கோட்டு வரைபடம்தான் வழி. அதிலும் ஐந்து கோட்டையும் ஒரே படத்தில் பின்னிப் போடாமல், ஒரே அளவுகோலில் ஐந்து சின்னப் படமாக அடுக்கினால் எந்தக் கிளை எந்த மாதம் தடம் மாறியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

எந்த சார்ட் என்பதில் ரசனைக்கு இருக்கும் இடத்தைவிட ஆய்வுக்கு இருக்கும் இடம் அதிகம். பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கண் எதைச் சரியாக ஒப்பிடுகிறது என்று வரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலில் நிற்கும் புள்ளிகளின் இடத்தை மிகச் சரியாக ஒப்பிடுகிறோம். நீளம், கோணம் இவற்றில் பிழை கூடுகிறது, பரப்பளவில் இன்னும் கூடுகிறது, கன அளவில் அதைவிடவும். பார் சார்ட் நன்றாக வேலை செய்வதும், பை சார்ட் தடுமாறுவதும், முப்பரிமாணப் பை சார்ட் ஏமாற்றுவதும் இதனால்தான். 2008 ஜனவரியில் மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய ஸ்மார்ட்போன் சந்தைப் பங்குப் படம் இதற்குப் பிரபலமான சான்று. சாய்த்து வரைந்த முப்பரிமாண வட்டத்தில், முன்பக்கம் இருந்த ஆப்பிளின் 19.5 சதவீதத் துண்டு, பின்பக்கம் இருந்த ‘மற்றவை’யின் 21.2 சதவீதத் துண்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எண்கள் படத்திலேயே எழுதியிருந்தன, கண் எண்ணை நம்பவில்லை.

பார் சார்ட்டின் அடி பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 1,350-ஐயும் 1,385-ஐயும் 1,300-இல் தொடங்கும் அச்சில் வரைந்தால் இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் 1.7 மடங்கு உயரமாக நிற்கும். உண்மையில் வித்தியாசம் 3 சதவீதம். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அங்கே நாம் படிப்பது சாய்வைத்தான். நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருக்கலாம், கறுப்பு-வெள்ளைப் பிரின்ட்டில் எல்லோருக்குமே தெரியாது. கூட்டல், கழித்தல் குறி போட்டுவிட்டால் நிறம் இல்லாமலும் புரியும்.

தலைப்பு

ஸ்லைடின் தலைப்பில் வெறுமனே ‘காலாண்டு விற்பனை’ என்று எழுதாமல் முடிவையே எழுது என்பது மேலாண்மை ஆலோசகர்கள் சொல்லிக் கொடுப்பது. நல்ல அறிவுரைதான். ஆனால் கொலம்பியா ஸ்லைடு அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அதன் தலைப்பு முழு வாக்கியமாக, ஒரு முடிவைச் சொன்னது. கடைசி வரியில் இருந்த எண் அந்த முடிவைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பொறுப்பில் இருப்பவர்கள் தலைப்பைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்பது தெரிந்ததுதானே. அப்படியானால் தலைப்பில் முடிவை எழுதுபவருக்கு ஒரு கூடுதல் கடமை வருகிறது. ஸ்லைடில் உள்ள எண்களில் தன் முடிவுக்கு மிகவும் எதிராக நிற்கும் எண் எது என்று தேடிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் தலைப்பு நிற்கிறதா என்று கேட்க வேண்டும். நம் ஜவுளிக்கடைக்கு ‘விற்பனை 3% வளர்ச்சி’ என்ற தலைப்பு பொய்யில்லை. ஆனால் நெல்லையின் −35 அதைத் தாங்காது. ‘திருச்சியின் 46 லட்சம் வளர்ச்சி, நெல்லையின் 35 லட்சம் சரிவை ஈடுகட்டியிருக்கிறது’ என்று எழுதினால் கூட்டம் நெல்லையைப் பற்றிப் பேசும். பேச வேண்டியதும் அதைத்தான்.

அப்படியானால் பில் எண்ணிக்கை, சராசரி பில் மதிப்பு, இலக்கு எல்லாம் எங்கே போவது? தூக்கிப் போட வேண்டாம். நெல்லையில் ஆள் வரவு குறைந்ததா, வந்தவர்கள் குறைவாக வாங்கினார்களா என்ற கேள்வி அடுத்த நிமிடமே வரும், அதற்கு அந்த இரண்டு எண்ணும் வேண்டும். அவற்றைப் பின்னிணைப்பு ஸ்லைடில் வைக்கலாம், அல்லது தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுக்கலாம். டஃப்டி வெகுகாலமாகச் சொல்வது இரண்டாவதை. ஒரு ஏ3 தாளில் ஏழெட்டு ஸ்லைடின் எண்கள் அடங்கும், பக்கத்தைப் புரட்டாமல் கண்ணாலேயே ஒப்பிடலாம். அமேசானின் உயர்மட்டக் குழு 2004-இல் ஸ்லைடுகளையே விட்டுவிட்டு, ஆறு பக்க அறிக்கையை எல்லோரும் கூட்டத்தின் தொடக்கத்தில் அமைதியாகப் படிக்கும் முறைக்கு மாறியது. எல்லா அலுவலகத்துக்கும் அது ஒத்துவராது. ரயில் கால அட்டவணை எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் நாம் முகம் சுளிக்காமல் படிக்கிறோம், கையில் இருக்கிறது, நம் வேகத்தில் தேடலாம் என்பதால். திரையில் இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்லைடுக்கு அந்த வசதி கிடையாது.

நம் ஊர் அலுவலகங்களில் இன்னொரு நடைமுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்லைடு கூட்டத்தோடு முடிவதில்லை. மாலைக்குள் பிடிஎஃப் ஆகி மெயிலில் போகும், அதில் ஒரு பக்கத்தை யாராவது செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், மூன்று மாதம் கழித்து வேறு யாரோ அந்தப் படத்தை வைத்து வாதாடுவார்கள். முதல் ஸ்லைடில் நீங்கள் எழுதிய ‘₹ கோடியில்’ அப்போது கூட வராது. ஆகவே எண் இருக்கும் ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் ஒரு வரி இருக்க வேண்டும்: என்ன அலகு, எந்தத் தேதி வரை, ஜிஎஸ்டி சேர்த்தா நீங்கலாகவா, தணிக்கைக்கு முன்பா பின்பா, எந்த ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தது. விற்பனைத் துறை சொல்லும் எண்ணும் கணக்குத் துறை சொல்லும் எண்ணும் ஒத்துப்போகாத கூட்டங்களில், பாதிக்கு மேல் சண்டை இந்த ஒரு வரி இல்லாததால் வருவது. ஒன்று ஜிஎஸ்டி சேர்த்தது, இன்னொன்று திரும்பி வந்த சரக்கைக் கழித்தது.